ரிஜெக்ட் பனியன்

"கழட்டுங்கண்ணா. பனியனைக் கழட்டுங்க. முதல்ல கழட்டுங்க, அப்புறம் கேள்வி கேளுங்க."

சொல்லிக்கொண்டே கோகிலவாணி ஸ்கூட்டரை டீக்கடைக்குள்ளேயே ஏற்றிவிட்டாள். முன்சக்கரம் பெஞ்சில் மோதி நின்றது. பெஞ்சில் இருந்தவரின் டம்ளர் சாய்ந்து மடியில் டீ கொட்ட, அவர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்திலேயே அவருடைய பனியனின் கீழ்விளிம்பைப் பிடித்துத் தலைக்கு மேலே உருவிவிட்டாள்.

பாசிப்பச்சை நிறப் பனியன். கடையில் நின்றிருந்தவர்களில் பாதிக்கு மேல் அதே பாசிப்பச்சைதான் போட்டிருந்தார்கள்.

"ஏனுங்கம்மிணி, பட்டப்பகல்ல வந்து இதென்னங்க கூத்து?" என்றார் கடைக்காரர், கையில் வடிகட்டியோடு. "எதுத்தாப்பல பஸ் ஸ்டாப்புங்க. பொம்பளைப் புள்ளைங்க நிக்குதுங்க."

"உசுரு வேணுமா, மானம் வேணுமா?"

"ரெண்டும் வேணுமுங்க" என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து இறங்கிய ஆள் சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அது லியோன் மிராண்டா. சொந்த ஊர் தூத்துக்குடி. திருப்பூரில் சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர் கம்பெனிக்குத் தர ஆய்வாளர். கோகிலவாணி செக்கிங் பிரிவு இன்சார்ஜாக இருக்கும் கம்பெனியின் சரக்கை பாஸ் செய்வதும் ஃபெயில் செய்வதும் அவன் கையில்தான் இருந்தது.

"காலைல பல்லடம் ரோட்டுல சத்தம் கேட்டீங்களா?" என்றான்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம்.

"அது சிலிண்டர் வெடிச்சதுன்னு..." என்று ஆரம்பித்தார் டீ கொட்டிய ஆள்.

"சிலிண்டர் இல்லை. தும்பி. துருவக்காரன் அனுப்பின, ஆளில்லாம பறந்து வந்து குண்டு போடுத தும்பி. பந்தி பரிமாறினவங்க அத்தனை பேரும் இந்தப் பனியன்தான் போட்டிருந்தாங்க. அது பனியனைப் பார்த்துதான் இறங்குது."

ஆளாளுக்குக் கழற்றினார்கள். ஒருவர் மட்டும் தயங்கினார். "போன மாசம் காதர்பேட்டையில எடுத்ததுங்க. இந்த வெயிலுக்கு இதாட்டம் ஒரு துணி கிடையாது. மேல போட்டாப்புடியே தெரியாது."

"உசுரு போறதும் அப்புடித்தான், தெரியாது. கொண்டாங்க இப்படி."

கழற்றியதையெல்லாம், முன்னால் உருவி வைத்திருந்ததோடு சேர்த்து, கடைக்காரரிடம் வாங்கிய ஒரு கோணிப்பையில் திணித்து, ஸ்கூட்டரின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் இறுக்கி வைத்தாள். இப்படி அவள் நிறுத்தி உருவியது இது மூன்றாவது கடை. நிற்கக்கூடாது என்றுதான் கிளம்பினாள். ஆனால் கூட்டமாகப் பாசிப்பச்சையைப் பார்த்துவிட்டு எப்படித் தாண்டிப் போவது?

"போலாமுங்க சார்" என்றாள். வண்டி காங்கேயம் ரோட்டில் பறந்தது.

அவள் அவசரம் வேறு. அவள் கணவன் சென்னியப்பன் போர்வெல் லாரி ஓட்டுகிறவன். படியூர் தாண்டி ஒரு தோட்டத்தில் இன்று துளை போடுகிறார்கள். அவனும் அவனோடு வேலை செய்யும் ஐந்து பேரும் நடுக்காட்டில், நிழலில்லாத இடத்தில், வரிசையாக நின்று வேலை செய்வார்கள். ஆறு பேரும் பாசிப்பச்சைப் பனியனில். அதைக் கம்பெனியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். காலையில் மண்டபம் வெடித்த கொஞ்ச நேரத்திலேயே மாவட்டம் முழுக்க செல்போன் டவரை அணைத்துவிட்டார்கள். தும்பிகள் டவரைப் பிடித்துத்தான் வழி கண்டுபிடிக்கின்றன என்று யாரோ சொன்னார்களாம். ஆகவே போன் கிடையாது. ஸ்கூட்டர்தான்.

சண்டை எங்கேயோ நடக்கிறது என்றுதான் மூன்று வருஷமாக ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. துருவ அணிக்கும் கடல் அணிக்கும் பகை. இரண்டு பக்கமும் முதலில் பட்டாளத்தைக் கொன்றார்கள், பிறகு பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டவனை, பிறகு ரொட்டிக்கு மாவு அரைத்தவனை. நம் நாடு எந்தப் பக்கமும் இல்லை என்று அறிவித்துவிட்டு ஒதுங்கி நின்றது. திருப்பூர் இரண்டு பக்கத்துக்கும் பனியன் தைத்தது. மூன்று ஷிப்டும் ஓடியது. சண்டை நீடிக்கட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நல்லூரைத் தாண்டியதும் கேட்டாள்.

"அந்தத் துணியில அப்படி என்னங்க இருக்குது?"

"நூல்லயே ஒரு பொடி கலந்திருக்கு. தூசியை விடச் சின்னது" என்று அவள் காதருகே கத்தினான் மிராண்டா. "மேல இருந்து தும்பி ஒரு ஒளி அடிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. பொடி அதைத் திருப்பி அனுப்பும். ‘நான் உன் ஆளு, சுட்டுராத’ன்னு சொல்லுத மாதிரி. கடல் அணிச் சிப்பாய் எல்லாருக்கும் உடுப்புக்கு உள்ளே அதுதான்."

"அப்ப அது காப்பாத்தத்தானே செய்யோணும்?"

"கடல்காரன் தும்பிகிட்ட இருந்து காப்பாத்தும். அந்தக் குறி என்னன்னு துருவக்காரனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு வைங்க. அவன் தும்பிக்கு அதே குறி ‘இங்கதான் இருக்கேன், சுடு’ன்னு சொல்லும்லா."

"நாங்க இங்க இட்லி தின்னுட்டு இருக்கறோம். எங்களைப் போய்ச் சிப்பாய்ன்னு நினைப்பானா?"

"நினைக்கிறதுக்கு அங்க ஆள் இல்லைக்கா. எண்ணுதது மிஷின். ஒத்தை ஆளா இருந்தா விட்டுரும், குண்டு வீண். நாலஞ்சு பேர் சேர்ந்து நின்னா ஒரு அணின்னு எடுத்துக்கும். திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர்னு மேல இருந்து எண்ணிப் பார்த்திருக்கு. லட்சக்கணக்குல கடல் அணிப் பட்டாளம். நம்ம நாடு திருட்டுத்தனமா இடம் கொடுத்திருக்குன்னு அவன் முடிவு பண்ணிட்டான்."

கோகிலவாணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். லட்சக்கணக்கு என்பது சரியாகத்தான் இருக்கும். கடல் அணிப் பட்டாளத்துக்கென்று மிராண்டாவின் பையர் போட்ட, அவ்வளவு பெரிய ஆர்டர் அது. கப்பலேறுவதற்கு முன்னால் இறுதி ஆய்வில் ‘ஷேடு மாறுது’, சாயம் ஒரே மாதிரி இல்லை என்று மொத்த லாட்டையும் இதே மிராண்டாதான் ஃபெயில் செய்தான். அவள் அன்று அவனோடு போட்ட சண்டை கம்பெனி முழுக்கக் கேட்டது. ஆனால் சரக்கு வீணாகவில்லை. திருப்பூரில் வீணாவதுமில்லை. வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளியதைத்தான் இந்த ஊர் உடுத்திக்கொள்கிறது. அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுங்க" என்று காலரைத் தூக்கிக் காட்டுவார்கள். காதர்பேட்டைக் கடைகளில் மூட்டை பிரித்த அன்றே கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. பந்தி பரிமாறுகிறவர்களுக்கு ஒரே மாதிரி வேண்டுமென்று கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்தார்கள். கபடி டீமுக்கு எடுத்தார்கள். அவள் கம்பெனியிலேயே ஆறு எடுத்தாள்.

"ஏன் சார், நீங்க எதுக்கு எங்கூட வந்தீங்க?" என்றாள் திடீரென்று. "முதலாளி கலெக்டர் ஆபீசுக்கு ஓடிட்டாரு. உங்களுக்கு வீட்டுல ஆளிருக்குது. கிளம்பிப் போயிருக்கலாமே."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றான் அவன்.

எதிரே ஒரு போலீஸ் ஜீப் ஒலிபெருக்கியோடு வந்தது. யாரும் கூட்டமாக நிற்க வேண்டாம், வீட்டுக்குள் இருக்கவும் என்று சொல்லிக்கொண்டே போனது. ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த கான்ஸ்டபிளின் காக்கிச் சட்டைக் காலருக்குள் பாசிப்பச்சை தெரிந்தது.

"பனியனைக் கழட்டுங்க சார்" என்று அவள் கத்தியதற்கு அவர் கையை ஓங்கிக் காட்டினார்.

படியூரில் மண்ரோட்டில் திரும்பியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் ஓவர்லாக் மெஷின் ஓடுவது போல, சீராக, சன்னமாக. திருப்பூர்க்காரிக்கு அது சத்தமாகவே படாது. வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தாள். மிராண்டாதான் அவள் தோளை அழுத்தினான்.

"வண்டியை நிறுத்துங்க."

"தோட்டம் அதா தெரியுதுங்க. புழுதி கிளம்புது பாருங்க."

"அக்கா, நிறுத்துங்க. மூட்டை."

"மூட்டைக்கு என்ன?"

"மூணு கடைல உருவினது மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. மேல இருந்து பாத்தா நாம ஒரு பட்டாளம். நம்மளைத்தான் பின்னாடியே வருது."

பிரேக் பிடித்தாள். காலடியில் இருந்த கோணிப்பையைப் பார்த்தாள். காலையிலிருந்து மரணத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு கணவனைத் தேடி வந்திருக்கிறாள். இதைப் புரிந்துகொள்ள ஒரு மூச்சு நேரம் ஆனது.

"இங்கயே வீசிருவோம்."

"இங்க வீசினா இங்க ஒண்ணு இறங்கும். அது ஒத்தையா வராது. இன்னொண்ணு உங்க வீட்டுக்காரர் ஆட்களை எண்ணிக்கிட்டு இருக்கும். பக்கத்துல ஆள் இல்லாத இடம் எது?"

"அந்தக் கருவேலங்காட்டுக்கு அக்கட்டால பாறைக்குழி. கல்லு வெட்டிட்டு விட்டுட்டுப் போனது. குப்பை கொட்டறது."

மிராண்டா மூட்டையைத் தோளில் ஏற்றினான். "நீங்க போய் அவங்களைக் கழட்டச் சொல்லுங்க. கழட்டினதைப் போட்டு வைக்காதீங்க, ஈர மண்ணுக்குள்ள புதைங்க. ஒளி போகாது." சொல்லிவிட்டு ஓடினான். ஆபீஸ் ஷூவோடு, வெள்ளைச் சட்டையோடு, மூட்டை முதுகில் குதிக்க ஓடிய அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு அவள் ஸ்கூட்டரை முறுக்கினாள்.

போர்வெல் லாரியின் கம்ப்ரஸர் போட்ட இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. துளையிலிருந்து வெண்புழுதி பனை உயரத்துக்கு எழுந்தது. அதற்குள் ஆறு பாசிப்பச்சை முதுகுகள். சென்னியப்பன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தான். சோறு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அவள் நேராகப் போய் அவன் பனியனைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், என்னடி பண்ற? ஆளுங்க பாக்கறாங்க."

"கழட்டு. சாவு வருது, கழட்டு."

"யாரு செத்தா?"

விளக்க நேரமில்லை. பனியன் அவள் கையிலேயே கிழிந்தது. மற்ற ஐந்து பேரும் சத்தீஸ்கர்க்காரர்கள். அண்ணிக்கும் அண்ணனுக்கும் சண்டை என்று நினைத்து மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். செக்கிங் டேபிளில் வடநாட்டுப் பெண்களோடு பழகிய இந்தி அவளுக்குக் கைகொடுத்தது. "உதாரோ, ஜல்தி உதாரோ" என்று அவர்கள் பனியனையும் பிடித்து இழுத்தாள். ஐந்து பேரும் மிரண்டு போய்ச் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவன் கம்ப்ரஸரை அணைத்தான்.

இரைச்சல் நின்றதும் அந்த இன்னொரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இப்போது ஒரு மெஷின் இல்லை. ஒரு செக்‌ஷனே ஓடுவது போல இருந்தது.

சென்னியப்பன் மேலே பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை, வெயில்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தான், அது போதுமானதாக இருந்தது. "கழட்டுங்கடா" என்றான். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. துளையிலிருந்து வந்த கல்மாவுச் சேற்றுக் குட்டைக்குள் எல்லாவற்றையும் மிதித்து அமுக்கினார்கள். ஒருவன் மேலே மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினான்.

அப்போது கருவேலங்காட்டுக்கு அப்பால் இடித்தது. ஒன்று. பிறகு அடுத்தடுத்து. தரை அதிர்ந்து லாரியின் குழாய்கள் ஒன்றோடொன்று மோதின. காடு முழுக்கக் காகங்கள் கிளம்பின. பாறைக்குழியிலிருந்து எழுந்த கரும்புகையில் ஊரின் பல வருஷக் குப்பை காகிதமாகவும் பிளாஸ்டிக்காகவும் மிதந்து வந்து தோட்டத்தில் விழுந்தது.

தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. தேடியது. பிறகு மெதுவாகத் தேய்ந்து காங்கேயம் பக்கம் போய்விட்டது.

கோகிலவாணி மண்ணில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, "சோறு கொண்டாரலியா?" என்றான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அப்புறம் அழுதாள்.

மிராண்டா வெகுநேரம் கழித்து வந்தான். ஒரு காதிலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளைக் காலர் நனைந்திருந்தது. ஒரு ஷூ இல்லை. குழியின் விளிம்பில் வீசிவிட்டு ஒரு பாறைக்குப் பின்னால் விழுந்தானாம். சென்னியப்பன் அவனைத் தாங்கிப் பிடித்து லாரி நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

லாரி கேபினுக்குள் ரேடியோ ஓடியது. டவர் இல்லாத நாளில் அது ஒன்றுதான் பேசியது. மண்டபத்தில் இறந்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள். அவிநாசியில் ஒரு பஸ் ஸ்டாண்ட். பெருந்துறையில் பள்ளிக்கூட மைதானம், கபடிப் போட்டி. கடைசியில் தலைவர் ஒருவரின் குரல், தழுதழுத்து: ஒரு பாவமும் அறியாத நம் மக்களைக் கொன்ற துருவ அணியின் மேல் நம் நாடு இந்த நிமிடம் முதல் போர் தொடுக்கிறது. கடல் அணியோடு தோளோடு தோள் நிற்கும். துறைமுகங்கள் கடல் அணிக் கப்பல்களுக்குத் திறக்கப்படுகின்றன.

சென்னியப்பன் கேபின் கதவை ஓங்கிக் குத்தினான். "அவனுங்களை விடவே கூடாதுங்க. மண்டபத்துல நம்ம வேலுமயிலு பரிமாறிட்டு இருந்தானுங்க, இவளோட கம்பெனிதான், பேக்கிங். எங்கிட்ட நேத்துக்கூட, கல்யாணத்துக்கு வராம வேலைக்குப் போறியான்னு திட்டினான். பட்டாளத்துக்கு லாரி டிரைவர் வேணுமுன்னா நாளைக்கே பேர் குடுக்கறேன்."

சத்தீஸ்கர்க்காரர்களில் பெரியவன், துலாராம், ரேடியோ சொன்னதைத் தன் ஆட்களுக்கு எடுத்துச் சொன்னான். அவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவன் கையைத் தூக்கி ஏதோ கோஷம் போட்டான். சென்னியப்பன் அவனோடு சேர்ந்துகொண்டான்.

கோகிலவாணி மட்டும் மிராண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பேசிய நேரம் முழுக்க அவன் கண்ணை மூடியே வைத்திருந்தான்.

"உங்க பையர் ஊரும் நம்மளும் இனி ஒரே கட்சி" என்றாள். "நல்லதுதானுங்க?"

அவன் கண்ணைத் திறக்காமலே காது ரத்தத்தைத் துடைத்தான்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடலீங்க சார். இவ்வளவு ரகசியமான குறியாம். அது துருவக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சொல்லிக் கொடுத்தாங்க."

"ஆரு?"

மிராண்டா கண்ணைத் திறந்தான். கோஷம் போடுகிறவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"காலைல டவரை அணைக்கிறதுக்கு முன்னாடி எங்க ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டேன். குறி வெளிய போயிருக்கு, உங்க பட்டாளத்தையும் எச்சரிக்கை பண்ணுங்கன்னு பதறிக்கிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரும் பதறலை. அப்புறம் என் மேனேஜர், ‘நீ இன்னும் அங்கயா இருக்க, கொழும்புக்கு டிக்கெட் அனுப்பியிருக்கேன், சாயங்காலத்துக்குள்ள கிளம்பு’ங்கிறான். எங்க பட்டாளத்துக்கு ஒண்ணும் ஆகாது, நீ கவலைப்படாதங்கிறான். அப்பத்தான் எனக்கு உறைச்சது. வண்டில வரும்போது உங்ககிட்டச் சொல்ல வாய் வரலை."

"என்ன உறைச்சது?"

"அன்னைக்கு நீங்க எங்கிட்ட சண்டை போட்டீங்கள்லா, ஷேடு எங்க மாறுது காட்டுன்னு. என்னால காட்ட முடியலை. மாறலை. ஃபெயில் பண்ணுன்னு மேல இருந்து உத்தரவு. ரேட்டைக் குறைக்கத்தான் சொல்லுதாங்கன்னு நான் நினைச்சேன். வழக்கமா ரிஜெக்ட் ஆனதை எரிக்கணும், இல்லைன்னா வெட்டணும்னு எழுதி வாங்குவோம். அந்தத் தடவை அது வேண்டாம்னுட்டாங்க. உள்ளூர்ல வித்துக்கட்டும்னாங்க. இந்த ஊர் ரிஜெக்டை என்ன செய்யும்னு அவங்களுக்குத் தெரியும்க்கா."

கோகிலவாணி பனியன்களை மிதித்து அமுக்கிய சேற்றுக் குட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க நூலுக்கு மட்டும் தனிக் குறி" என்றான் மிராண்டா. "அந்தக் குறி எந்தச் சிப்பாய் உடம்புலயும் கிடையாது. அதைத் துருவக்காரன் காதுல போட்டதும் அவங்கதான், நம்ம நாட்டைச் சண்டைக்குள்ள இழுத்துத் துறைமுகத்தைத் திறக்க வைக்க. அந்த ஆர்டர்ல ஒரு பீஸ்கூட பட்டாளத்துக்குப் போட்டது இல்லைக்கா. மொத்தமும் உங்களுக்குப் போட்டது."